வெங்காயச் சாபமும் 120 வயதும்

நியூயார்க்கில், புரூக்ளினின் கென்சிங்டன் பகுதிக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம். இரண்டு கையிலும் பை, பல்லிடுக்கில் ஒரு கடிதம். சாவி எந்தப் பைக்குள் கிடக்கிறது என்று தெரியாமல் கதவுக்கு முன்னால் நின்று துழாவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்தது. வெள்ளை முடி, முழங்கை தேய்ந்த நீலக் கம்பளிச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. கொஞ்ச நேரம் என் கூத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் ஒரே ஒரு சொல் சொன்னார்: “நூ?”

என்ன மொழி என்று தெரியவில்லை. பொருள் மட்டும் உடனே புரிந்துவிட்டது. என்ன தேடுகிறாய், எவ்வளவு நேரம் தேடுவாய், பையைக் கீழே வைத்துவிட்டுத் தேடினால் குறைந்தா போய்விடுவாய்? மூன்று கேள்வியும் அந்த ஓரசைக்குள் இருந்தன. பையைக் கீழே வைத்தேன். சாவி கிடைத்தது.

பிறகு நான் கவனித்த வரையில் அவரிடம் ஏழெட்டு விதமான ‘நூ’ இருக்கிறது. இழுத்துச் சொன்னால் “அப்புறம்?” வெட்டிச் சொன்னால் “கிளம்பு, நேரமாகிறது.” தோளைக் குலுக்கிச் சொன்னால் “நம் கையில் என்ன இருக்கிறது?” ஒற்றை “ம்” வைத்துக்கொண்டு ஒரு மாமியார் முழுக் குடும்பத்தையும் நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவரைப் பாட்டி என்றே எழுதப்போகிறேன். 77 வயது. தமிழ் படிக்கத் தெரிந்திருந்தால் என்னை விட்டிருக்கமாட்டார்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷ் மீது எனக்கு ஆசை வந்தது வசவுகளால்தான். எதிர்வீட்டில் பேசுவது யிட்டிஷ் என்று தெரிந்ததும் இணையத்தில் தேடினேன். கிடைத்தவை எல்லாம் சாபப் பட்டியல்கள். என்ன சாபங்கள்! “நீ வெங்காயத்தைப் போல வளரவேண்டும், தலை மண்ணுக்குள் இருக்க.” “உன் பல்லெல்லாம் கொட்டிப்போகட்டும், ஒன்று மட்டும் மிஞ்சட்டும், பல்வலிக்காக.” இன்னொன்று இப்படிப் போகிறது: “உனக்கு நூறு வீடு அமையட்டும், ஒவ்வொரு வீட்டிலும் நூறு அறை, ஒவ்வோர் அறையிலும் இருபது கட்டில், காய்ச்சல் உன்னைக் கட்டில் கட்டிலாகத் துரத்தட்டும்.”

நம் வசவுகள் நேர்வழிக்காரர்கள். நாசமாய்ப் போக, பாடையில் போக என்று வாசலிலேயே காரியத்தை முடித்துவிடுவார்கள். யிட்டிஷ் சாபமோ உட்காரவைத்து, இலை போட்டு, பாயசம் வரை பரிமாறிவிட்டுக் கடைசியில் இலையை உருவுகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. ஐந்து சாபங்களை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பாட்டி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார். வெங்காயத்தை முடித்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

“மருந்துச் சீட்டைப் படிப்பது போலச் சொல்கிறாய்” என்றார். “சரி, யாரைத் திட்டப்போகிறாய்?”

யாரையும் இல்லை என்றேன்.

“ஆள் இல்லாமல் சாபம் எதற்கு? முதலில் காலை வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்.”

கற்றுக்கொண்டேன். “குட் மார்கன்” என்றால் நல்ல காலை. அதற்குப் பதில் இன்னொரு “குட் மார்கன்” இல்லை. “அ குட் யோர்”, நல்ல ஆண்டு. நீங்கள் ஒரு காலைப்பொழுதைக் கொடுத்தால் வட்டியும் முதலுமாக ஒரு வருடம் திரும்பி வருகிறது.

அடுத்தது நலம் விசாரிப்பது. இணைய வகுப்பில் சேர்ந்து “வோஸ் மாஹ்ஸ்டு?” என்று படித்துக்கொண்டு வந்தேன். எப்படி இருக்கிறாய் என்று பொருள். நடுவில் வரும் அந்த ஹகரத்தைத் தொண்டையைச் செருமுவது போலச் சொல்லவேண்டும். பாட்டி சிரித்துவிட்டார். அவர் வீட்டில் அது “வுஸ் மாஹ்ஸ்டி?” லிதுவேனியப் பக்கத்து யிட்டிஷில் ‘குட்’ என்பது போலந்து யிட்டிஷில் ‘கிட்’. பாடப்புத்தக யிட்டிஷ் உச்சரிப்பில் பெரும்பாலும் லிதுவேனியப் பக்கம் சாய்ந்தது. 1925இல் வில்னா நகரத்தில் (இன்றைய வில்னியஸ்) தொடங்கி, இரண்டாம் உலகப் போரில் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்த யிவோ என்ற ஆய்வு நிறுவனம் வகுத்த தர வடிவம் அது. ஆக, நான் வகுப்பில் கற்றுக்கொண்டு வந்து பேசியது, காய்கறிக் கடையில் “ஐயா, கத்தரிக்காய் என்ன விலை கூறுகிறீர்கள்?” என்று கேட்பது போல இருந்திருக்கிறது.

எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்கு “நன்றாக இருக்கிறேன்” என்று பளிச்சென்று சொல்வது யிட்டிஷ் மரபில்லை. “மெ லெப்ட்” என்பார்கள். ஆள் உயிரோடிருக்கிறது, அவ்வளவுதான். நம் “ஏதோ ஓடுகிறது” இதற்கு உடன்பிறப்பு. ஒரு கேள்வியையே பதிலாகத் திருப்பியும் தரலாம்: “எப்படி இருக்கவேண்டும்?”

ஏன் இந்தப் பம்மல்? கண் பட்டுவிடும்.

‘கெய்ன் அய்ன்-ஹோரே.’ இதில் ‘கெய்ன்’ ஜெர்மானியச் சொல், ‘இல்லை, வேண்டாம்’ என்று பொருள். ‘அய்ன்-ஹோரே’ எபிரேயம், கொடிய கண். அமெரிக்க வாய்களில் இது ‘கினெஹோரா’ என்று ஒரே சொல்லாகக் குழைந்துவிட்டது. பாட்டி பேரனின் உயரத்தைச் சொன்னால் கினெஹோரா. தன் வயதைச் சொன்னால் கினெஹோரா. மருத்துவர் இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்றாராம், கினெஹோரா. சில சமயம் கூடவே மூன்று முறை துப்புவது போல “த்ஃபூ, த்ஃபூ, த்ஃபூ”. எங்கள் ஆச்சி செய்ததும் இதையேதான். குழந்தையைக் கொஞ்சிவிட்டு ஒரு “த்தூ” போடாமல் கீழே இறக்கமாட்டாள்.

எண்ணுவதிலும் இது உண்டு. ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை விருந்துக்கு எத்தனை தட்டு வைக்க வேண்டும் என்று பாட்டி விரல் நீட்டி எண்ணியதைப் பார்த்தேன்: “நிஷ்ட் எய்ன்ஸ், நிஷ்ட் ஸ்வெய், நிஷ்ட் ட்ரை.” ஒன்று இல்லை, இரண்டு இல்லை, மூன்று இல்லை. கேட்டுக்கொண்டிருந்த கொடிய கண் குழம்பிப் போகுமாம். களத்தில் நெல் அளப்பவர் ஒன்று என்று வாயால் சொல்லாமல் “லாபம்” என்று தொடங்குவாரே, அதை அவருக்குச் சொன்னேன். பாட்டி தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு, “இதைச் சொல்ல உனக்கு ஆறு மாதமா?” என்றார்.

பட்டியல்களில் இந்தச் சொற்களுக்கு இடமில்லை, அல்லது கடைசி வரியில் நிற்கின்றன. ஆனால் பாட்டியின் பேச்சை ஒரு மணி நேரம் கேட்டால், வசவு ஒன்று வந்தால் பெரிது. இந்த வேலிச் சொற்களோ வாக்கியத்துக்கு ஒன்று. வேலி போடாமல் அவரால் எந்தச் செய்தியையும் வாயிலிருந்து வெளியே அனுப்ப முடியாது.

அவருடைய அக்காவுக்குப் புற்றுநோய் என்று சொன்ன நாள் நினைவிருக்கிறது. வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, என் பக்கம் கையை விரித்து, “நிஷ்ட் ஃபார் டிர் கெடாஹ்ட்” என்றார். உன்னைக் குறித்து இது நினைக்கப்படாதிருக்கட்டும். பிறகு வாக்கியத்தைத் தொடர்ந்தார். தன் துயரத்தைச் சொல்லும்போதே அதன் பொறி கேட்பவர் மேல் பட்டுவிடக்கூடாது என்று ஒரு தடுப்பு. இன்னொரு நாள் என் சாம்பாரைச் சுவைத்துவிட்டு, “என் அம்மாவைப் போலவே நீயும் உப்பை அள்ளிப் போடுகிறாய், லெஹாவ்டில்” என்றார். ‘பிரித்துச் சொல்கிறேன்’ என்று அர்த்தம். அம்மா இறந்தவர், நான் உயிரோடிருப்பவள். இருவரையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டதால் நடுவில் ஒரு சுவர்.

அந்த அம்மா லோட்ஸ் நகரத்துக்காரர். போருக்கு முன் அந்தப் போலந்து நகரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள், மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாட்டி பிறந்தது 1947இல், ஜெர்மனியில், வீடிழந்தவர்களுக்கான முகாம் ஒன்றில். யிட்டிஷ், போருக்கு முன் உலகம் முழுக்க ஒரு கோடிப் பேருக்கும் மேல் பேசிய மொழி. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் ஏறக்குறைய 50 லட்சம் பேரின் வாயில் இருந்தது இதுதான். பாட்டி இந்தக் கணக்குகளைப் பேசமாட்டார். நானும் கேட்பதில்லை.

ஆனால் ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். சிறிய கத்தரிக்காய் அளவு, அடி உருண்டை, விளிம்பு தடித்து மடங்கியிருக்கும். இப்போது அதில் சட்டைப் பொத்தான்கள் கிடக்கின்றன. இதன் பெயர் பாங்கே. பன்மையில் பாங்கெஸ். உள்ளே தீக்குச்சியைக் காட்டிச் சூடாக்கி முதுகில் கவிழ்த்தால், காற்று குளிர்ந்து சுருங்கும்போது தோலைக் கவ்விக்கொள்ளும். சளிக்காய்ச்சலுக்கு அன்றைய வைத்தியம். எதற்கும் உதவாத யோசனையை யிட்டிஷில் “டோய்டன் பாங்கெஸ்” என்பார்கள், பிணத்துக்குப் பாங்கெஸ் வைப்பது போல. நாம் செவிடன் காதில் சங்கு ஊதுகிறோம், அவர்கள் பிணத்தின் முதுகில் குப்பி கவிழ்க்கிறார்கள். அந்த மரபுத்தொடரை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். விளிம்பில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கும் வரை அது வெறும் வேடிக்கை வரியாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் அவருடைய அடுப்படியில்தான் விளங்கியது. “ஹாக் மிர் நிஷ்ட் கெய்ன் ட்ஷைனிக்.” எனக்குக் கெண்டியைத் தட்டாதே. அதாவது தொணதொணக்காதே. ஏன் தேநீர்க் கெண்டி? பாட்டியின் அலுமினியக் கெண்டிக்கு மூடி சரியாகப் பொருந்தாது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் மூடி துள்ளித் துள்ளி டக்டக்கென்று அடிக்கும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் கூடும். பாட்டி அதைச் சுட்டிக்காட்டி, “என் வீட்டுக்காரரின் தங்கை” என்றார்.

எழுத்துக் கற்றுக்கொண்டது தனிக் கதை. எபிரேய எழுத்து, வலமிருந்து இடம். எபிரேயத்தில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதாமல் விடுவார்கள். யிட்டிஷ் அப்படியில்லை, உயிருக்கும் எழுத்து உண்டு, சொல்வது போலவே எழுதலாம். தமிழ் படித்த கண்ணுக்கு ஆறுதல். பக்கத்து பரோ பார்க்கில், 13ஆம் அவென்யூவில், கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஸமெஹ், அயின், இரண்டு யூட், லாமெட். அரை நிமிடம் பாடுபட்டு, திருமறைச் சொல்லாக இருக்குமோ என்ற பயபக்தியோடு வாய்விட்டுச் சொன்னால், “சேல்”. தள்ளுபடி விற்பனை. ஆங்கிலச் சொல்லே வேறு உடுப்பில் நின்றுகொண்டிருந்தது. யிட்டிஷ் செத்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவுக்கு வரவேண்டும். பழைய மரபை விடாத ஹசிதிய யூதர்களின் பிள்ளைகள் ஸ்கூட்டர் பலகையில் பாய்ந்துகொண்டே அதில்தான் சண்டை போடுகிறார்கள்.

சொல்வது போலவே எழுதலாம் என்றேன். அதில் ஒரு கண்ணி உண்டு. எபிரேயத்திலிருந்து வந்த சொற்கள் மட்டும் பழைய எழுத்திலேயே நிற்கும். ‘ஷாபெஸ்’ என்ற ஓய்வுநாளுக்கு மூன்றே மெய்யெழுத்து. தெரிந்தவன் வாசிப்பான், தெரியாதவன் முழிப்பான். சோவியத் அரசு இதையும் ஒலிப்படியே எழுதவேண்டும் என்று மாற்றியது. உண்மை என்று பொருள்படும் ‘எமெஸ்’ மாஸ்கோவில் ஒரு யிட்டிஷ் நாளிதழின் பெயர், அதுகூடப் புது எழுத்தில்தான் வந்தது. எழுத்தை எளிதாக்கிய அதே அரசு 1952 ஆகஸ்ட் 12 அன்று 13 யூதர்களைச் சுட்டுக் கொன்றது. பெரெட்ஸ் மார்கிஷ், டோவிட் பெர்கெல்சன் உட்பட ஐந்து யிட்டிஷ் எழுத்தாளர்கள் அவர்களில் இருந்தார்கள்.

மொழி எவற்றால் ஆனது என்று காட்ட ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: “நோஹன் பென்ட்ஷன் ஹாட் டெர் ஸெய்டெ கெகோய்ஃப்ட் அ ஸெய்ஃபெர்.” உணவுக்குப் பிந்தைய வழிபாடு முடிந்ததும் தாத்தா ஒரு நூல் வாங்கினார். எலும்பும் தசையும் ஜெர்மானியம். வழிபாடாகிய ‘பென்ட்ஷன்’ இலத்தீன் வழி வந்தது, தாத்தாவாகிய ‘ஸெய்டெ’ ஸ்லாவியம், ‘ஸெய்ஃபெர்’ எபிரேயம். நூல் என்பதற்கு ‘புஹ்’ என்ற ஜெர்மானியச் சொல்லும் உண்டு, ஆனால் அது நாவலுக்கும் சமையல் குறிப்புக்கும். கும்பிட்டு எடுக்கிற நூல் மட்டும் ஸெய்ஃபெர். வீட்டில் சோறு, பந்தியில் சாதம், கோயிலில் பிரசாதம் என்று ஒரே அரிசிக்கு மூன்று மரியாதை வைத்திருக்கும் நமக்கு இது புதிதில்லை.

நமக்குப் புதிதில்லாத இன்னொன்று எதிரொலிச் சொல். நாம் புலி கிலி, பணம் கிணம் என்கிறோம். யிட்டிஷில் கி-க்குப் பதில் ‘ஷ்ம்’. மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொன்ன அன்று பாட்டி சொன்னது: “கொலஸ்ட்ரால்-ஷ்மொலஸ்ட்ரால்!” இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் குணம் வேறு. “காப்பி கீப்பி சாப்பிடுகிறீர்களா?” என்று விருந்தாளியைக் கேட்கலாம், காப்பி இல்லாவிட்டால் தேநீர், கூட ஒரு முறுக்கு என்று நம் கி வாசலை அகலத் திறக்கிறது. ஷ்ம் வாசலைச் சாத்துகிறது. காப்பியை ஷ்ம் போட்டுச் சொன்னால் விருந்தாளி செருப்பைத் தேடவேண்டியதுதான். “காதல் கீதல் என்று வந்து நிற்காதே” என்று அப்பாக்கள் சொல்லும்போது மட்டும் நம் கி, ஷ்ம்மின் வேலையைச் செய்கிறது. பாட்டிக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். இப்போது அவர் “டாக்டர் கீக்டர்” என்று தமிழிலும் வைகிறார்.

பழமொழிகளில் ஒன்றைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “பாட்டிக்குச் சக்கரம் இருந்திருந்தால் அவள் வண்டியாகியிருப்பாள்.” அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா! நாம் அத்தையின் முகத்தோடு நிறுத்திக்கொண்டோம், அவர்கள் பாட்டியைச் சாலைக்கே ஓட்டிவிட்டார்கள். நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்பதற்கும் ஜோடி உண்டு: “அ மென்ஷ் ட்ராஹ்ட் உன் காட் லாஹ்ட்.” மனிதன் யோசிக்கிறான், கடவுள் சிரிக்கிறார். நம் தெய்வத்துக்குச் சொந்தமாக ஒரு திட்டமாவது இருக்கிறது. இவர் வெறுமனே உட்கார்ந்து சிரிக்கிறார். எனக்கு நம்முடையது கொஞ்சம் ஆறுதல்.

ஒரு நாள் பாட்டி ஆங்கிலத்தில் திணறிக்கொண்டிருந்தார். “என் மகளின் கணவனுடைய அம்மா வந்திருக்கிறார்... ஒரு சொல்கூட இல்லாத மொழி!” என்று சலித்துக்கொண்டு, “மெஹுட்டெனெஸ்டெ” என்றார். சம்பந்தியம்மா. ஆணுக்கு மெஹுட்டன், எல்லோரையும் சேர்த்து மெஹுட்டோனிம். எங்களுக்கும் அந்தச் சொல் உண்டு என்று ‘சம்பந்தி’யைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முறை வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டு, அவர் கேட்ட முதல் கேள்வி: “உங்கள் ஊரிலும் கல்யாணச் சாப்பாட்டில்தான் சண்டை தொடங்குமா?”

அவர் என்னைக் கூப்பிடுவது “மாமெலே”. சின்ன அம்மா என்று பொருள். சிறுமிகளை மாமெலே என்றும் சிறுவர்களை டாட்டெலே, சின்ன அப்பா, என்றும் கொஞ்சுவது அவர்கள் வழக்கம். எனக்கு 43 வயது. ஆனாலும் முதல் முறை கேட்டபோது பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் ஆச்சி “என்னைப் பெற்ற தாயே, இங்கே வா” என்று ஆறு வயதுக்காரியைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. வேறு எந்த மொழியிலும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆங்கிலத்துக்குக் குடிபோன யிட்டிஷ் சொற்கள் பல கோமாளித் தொப்பி போட்டுக்கொண்டே போயிருக்கின்றன. துணிச்சலான வெட்கமின்மைக்கு ‘ஹுட்ஸ்பா’, முனகுவதற்கு ‘க்வெட்ச்’, இழுத்துக்கொண்டு அலைவதற்கு ‘ஷ்லெப்’. பெற்றோரைக் கொன்றுவிட்டு, நான் அநாதை, இரக்கம் காட்டுங்கள் என்று நீதிபதியிடம் கெஞ்சுகிறவனிடம் இருப்பதே ஹுட்ஸ்பா என்ற பழைய நகைச்சுவையை எத்தனை முறை கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘மென்ஷ்’ போன்ற சொல் போன இடத்தில் மெலிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது ‘நல்லவர்’. யிட்டிஷில் முதலில் வெறும் மனிதன். அதிலிருந்து, இருக்கவேண்டியபடி இருக்கிற மனிதன். “நீயெல்லாம் ஒரு மனுஷனா?” என்று கேட்கத் தெரிந்த மொழிக்காரர்களுக்கு அந்தத் தூரம் தெரியும்.

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய யிட்டிஷ் வாக்கியம் 1272ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்து வழிபாட்டு நூல், இப்போது ஜெருசலேமில் இஸ்ரேலின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. எபிரேய வேண்டுதலில் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் வரைந்து, அந்த எழுத்துகளின் உள்கூட்டு வெற்றிடத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார் எழுதுநர்: இந்த நூலைத் தொழுகைக்கூடத்துக்குச் சுமந்து செல்பவருக்கு நல்ல நாள் அமையட்டும். கனத்த புத்தகம் அது. தூக்குகிறவனின் தோளை நினைத்து, வேண்டுதலின் இடுக்கில் ஒரு வாழ்த்தைச் செருகியிருக்கிறார். சாபத்தைத் தேடிக்கொண்டு வந்தவளுக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

போன மாதம் என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தது. வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது பாட்டியும் பக்கத்தில் இருந்தார். அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டார். “72” என்றேன். யாரும் எடுத்துக்கொடுக்காமல் என் வாயிலிருந்தே “கினெஹோரா” வந்தது. பாட்டி தலையசைத்துவிட்டு, திரையைப் பார்த்து உரத்த குரலில், “பிஸ் ஹுண்டெர்ட் உன் ஸ்வான்ஸிக்!” என்றார். 120 வரை! விவிலியத்தில் மோசே வாழ்ந்த வயது. அதுதான் அவர்களுக்கு முழு ஆயுள்.

மொழிபெயர்த்தேன். அம்மா பச்சைக் கட்டுக்குக் கீழே முகத்தைச் சுளித்தாள். “இன்னும் 48 வருடமா? அதுவரை எனக்கு மாத்திரை வாங்கித் தருவது யாராம்?”

அதையும் மொழிபெயர்த்தேன். பாட்டிக்கு இது போதாதா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு பழைய கதையை எடுத்துவிட்டார். ஒருவன் இன்னொருவனை வாழ்த்துகிறான்: நீ 120 வருடமும் மூன்று மாதமும் வாழவேண்டும். மூன்று மாதம் எதற்கு என்று அவன் கேட்கிறான். இவன் சொல்கிறான்: நீ திடீரென்று செத்துப்போவதில் எனக்கு விருப்பமில்லை.

அம்மா சிரிக்கவில்லை. யோசித்தாள். “திடீரென்று போவதுதானே நல்லது? ஒருத்தர் கையை எதிர்பார்த்துப் படுத்துக் கிடக்காமல் போய்விடலாம். 120ஐ வேண்டுமானால் நான் வாங்கிக்கொள்கிறேன். அந்த மூன்று மாதத்தை அவர்களையே வைத்துக்கொள்ளச் சொல்.”

இதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். பாட்டி என் முழங்கையைத் தட்டினார்.

“நூ? அம்மா என்ன சொல்கிறார்?”